ஸ்டெப்னி டிக்கியில இருக்கு

வழக்கமா இந்த பாட்காஸ்ட்ல கோடு, வேலை, சம்பளம்னு பேசுவோம். இன்னைக்கு அதெல்லாம் இல்ல. இங்கிலீஷ் வார்த்தைகளைப் பத்திப் பேசப்போறேன். அதுவும் இங்கிலீஷ்காரங்களே மறந்துபோன பழைய வார்த்தைகள். ஷேக்ஸ்பியர் காலத்து வார்த்தைன்னு நினைச்சு பயப்படாதீங்க. இதுல பாதியை நீங்க இன்னைக்குக் காலையிலகூட சொல்லியிருப்பீங்க.

முதல்ல ஒரு விஷயத்தை ஒத்துக்கணும். இந்த எபிசோட் கோபத்துல ஆரம்பிச்சது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். அமெரிக்க கிளையன்ட்டோட கால். ஒரு பக் ரிப்போர்ட் பத்திக் கேட்டாங்க. நான் ரொம்பப் பணிவா, 'ஐ வில் டூ த நீட்ஃபுல் அண்ட் ரிவர்ட்'னு சொன்னேன். அந்தப் பக்கம் ரெண்டு செகண்ட் அமைதி. அப்புறம் அவர் கேட்டார், 'எதை ரிவர்ட் பண்ணப்போறீங்க? நேத்துப் போட்ட கமிட்டையா?'

நியாயமான சந்தேகம்தான். நம்ம தொழில்ல 'கிட் ரிவர்ட்'னா செஞ்ச வேலையை அழிச்சு பழைய நிலைக்குக் கொண்டுபோறது. 'பார்த்துட்டுப் பதில் சொல்றேன்'னு நான் சொன்னது, 'பார்த்துட்டு எல்லாத்தையும் கலைச்சிடறேன்'னு போய்ச் சேர்ந்திருக்கு. கால் முடிஞ்சதும் மேனேஜர்கிட்டேர்ந்து ஒரு பிடிஎஃப் வந்தது. 'தவிர்க்கவேண்டிய இந்தியச் சொற்கள்'. நீட்ஃபுல், ரிவர்ட், ப்ரிபோன், ஃபோர்ட்நைட்னு நீளமான பட்டியல். கீழே, 'இது பிழையான ஆங்கிலம்'னு ஒரு வரி.

அதுக்கப்புறம் ஆறு மாசம் நான் கால்ல வாயே திறக்கல. எது பிழை, எது சரின்னு தெரியாம சாட்ல மட்டும் டைப் பண்ணுவேன். என் வேலையை டீம்ல இன்னொருத்தர் பேசி விளக்குவார். வருஷக் கடைசியில அப்ரைசல் ஃபார்ம்ல 'கம்யூனிகேஷன் மேம்பட வேண்டும்'னு வந்தது. பேசாதவங்களுக்கு வேற என்னதான் எழுதுவாங்க.

அப்போதான் அந்தப் பட்டியலை எடுத்துவெச்சு ஒவ்வொரு வார்த்தையா தேட ஆரம்பிச்சேன். சத்தியமா ஆராய்ச்சி ஆர்வம்லாம் கிடையாது. 'இது எப்படிப் பிழை?'ங்கிற கடுப்புதான்.

தேடினா, 'டூ த நீட்ஃபுல்' இந்தியாவுல பிறந்ததே இல்ல. 18, 19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ்காரங்க அவங்க ஊர்லயே கடிதங்கள்ல சர்வசாதாரணமா எழுதின தொடர். அவங்க ஆபீஸ் ஃபைல்கள் வழியா இங்க வந்தது. பின்னாடி அங்க வழக்கொழிஞ்சு போச்சு. இங்க ஃபைல் மூடலை, அதனால வார்த்தையும் போகலை. நம்ம ஊர் அரசாங்க மனுவை எடுத்துப் பாருங்க, கடைசி வரி என்ன? 'ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.' அச்சு அசல் அதே நீட்ஃபுல். தமிழ்ல எழுதினா மரியாதை, இங்கிலீஷ்ல எழுதினா பிழையா?

'ப்ரிபோன்' இன்னும் சுவாரசியம். போஸ்ட்போனுக்கு எதிரா நாமளே உருவாக்கின வார்த்தைன்னுதான் நானும் நம்பினேன். ஆனா ராபர்ட் க்ரவுலிங்கிற ஆங்கிலேயப் பாதிரியார் 1549லயே இந்தச் சொல்லை எழுதியிருக்கார். அவர் சொன்ன அர்த்தம் வேற. 'முன்னாடி வைக்கிறது, முதலிடம் கொடுக்கிறது'ன்னு. நாம சொல்ற 'தேதியை முன்னாடி தள்ளுறது'ங்கிற அர்த்தத்துல 1913ல நியூயார்க் டைம்ஸுக்கு ஒரு வாசகர் கடிதம் வந்திருக்கு. போஸ்ட்போனுக்கு ஒரு எதிர்ச்சொல் வேணும், நான் ஒண்ணு செஞ்சு தரேன்னு அவர் எழுதினார். அவர் ஊர்ல யாரும் அதைக் கண்டுக்கலை. நாம கண்டுக்கிட்டோம். எனக்குத் தெரிஞ்சு இந்தியாவுல மீட்டிங் எதுவும் ப்ரிபோன் ஆனதில்ல, அது வேற கதை.

'ஃபோர்ட்நைட்'னா அமெரிக்கர்களுக்கு வீடியோ கேம்தான் ஞாபகத்துக்கு வரும். உண்மையில அது 'பதினாலு இரவு'ங்கிறதோட சுருக்கம். அந்தக் காலத்து ஜெர்மானிய இனங்கள் நாளைப் பகலா எண்ணாம இரவா எண்ணுவாங்கன்னு ரோமானிய எழுத்தாளர் டாசிட்டஸ் கி.பி. முதல் நூற்றாண்டுலயே குறிச்சிருக்கார். 'ஏழு இரவு'ங்கிறதுக்கு 'சென்னைட்'னு ஒரு வார்த்தைகூட இருந்தது. ஜேன் ஆஸ்டின் நாவல்கள்ல பார்க்கலாம். ஏழு செத்துப்போச்சு, பதினாலு பிரிட்டன்லயும் நம்மகிட்டயும் பொழைச்சுக்கிச்சு. நம்ம ஸ்பிரின்ட் எத்தனை நாள்? ரெண்டு வாரம். அதுக்கு ஒரே வார்த்தை கையில இருந்தும் சொல்லக்கூடாதாம்.

சரி, புலம்பல் போதும். இந்த மாதிரி தேடிக்கிட்டே போனப்பதான் ஒரு விஷயம் புரிஞ்சது. நம்ம ஆளுங்களுக்கு ஈஸியா சொல்லணும்னா, மொழியும் ஒரு ரெப்போ மாதிரிதான். 1700, 1800கள்ல பிரிட்டிஷ்காரங்க போன இடமெல்லாம் இங்கிலீஷ் ஃபோர்க் ஆச்சு. மெயின் பிராஞ்ச்ல சில வார்த்தைகளைத் தூக்கிட்டாங்க. ஃபோர்க்ல அது அப்படியே ஓடிக்கிட்டிருக்கு. அமெரிக்காவுக்கும் இதேதான். இலையுதிர் காலத்தை அவங்க 'ஃபால்'னு சொல்வாங்க. பிரிட்டிஷ்காரங்க அதை 'அமெரிக்க வார்த்தை'ன்னு நினைக்கிறாங்க. ஆனா 17ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துலயே புழங்கின வார்த்தைதான் அது. 'காட்டன்'னு சொல்றாங்களே, நாம 'காட்'னு சொல்ற இடத்துல, அதுவும் பழைய இங்கிலாந்துச் சரக்குதான். அவங்க பழசை வெச்சிருந்தா அது 'அமெரிக்கன்', நாம வெச்சிருந்தா 'பிழை'. அந்த பிடிஎஃப் போட்டவருக்கு இதைத்தான் சொல்லணும்னு தோணுச்சு.

இப்போ சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். 'டிபன்' எந்த மொழி வார்த்தை? நான் கேட்ட நாலு பேர்ல மூணு பேர் தமிழ்னாங்க, ஒருத்தர் இந்தின்னார். அது லண்டன் தெருவுல பிறந்த வார்த்தை. ஃபிரான்சிஸ் குரோஸ்னு ஒருத்தர் 1785ல கொச்சைச் சொற்களுக்குன்னே ஒரு அகராதி போட்டார். திருடங்க, குடிகாரங்க, சிப்பாய்ங்க பேசுற வார்த்தைகளையெல்லாம் தொகுத்த புத்தகம். அதுல 'டிஃபிங்'னு ஒரு சொல் இருக்கு. வேளைச் சாப்பாட்டுக்கு நடுவுல எதையாவது கொறிக்கிறது, குடிக்கிறதுன்னு பொருள் போட்டிருக்கார். வேற சில பொருளும் போட்டிருக்கார், இங்க சொல்ல முடியாது. கப்பல் ஏறி இங்க வந்த வெள்ளைக்காரங்க மதியம் லேசா சாப்பிடுறதை அப்படிச் சொல்லி, அது 'டிஃபின்' ஆச்சு. லண்டன்ல அந்தச் சொல் இப்ப இல்ல. மயிலாப்பூர்ல இருக்கு.

இதுல நான் ரசிக்கிறது என்னன்னா, நாம அந்த அர்த்தத்தை எப்படிக் காப்பாத்தியிருக்கோம்ங்கிறதுதான். 'டிபன் ஆச்சா, சாப்பாடு ஆச்சா?'ன்னு தனித்தனியா கேட்கிறோம் இல்லையா? ராத்திரி எட்டு மணிக்கு ஆறு தோசை சாப்பிட்டாலும் அது டிபன்தான். சோறு இல்லேன்னா அது 'சாப்பாடு' கணக்குல வராது. அதாவது, முழுச் சாப்பாடு இல்லாதது எதுவோ அது டிபன். குரோஸ் சொன்ன பொருளுக்கு இது ரொம்பப் பக்கம்.

டிபனோட இந்தப் பிறப்பை எழுதிவெச்சது 'ஹாப்சன் ஜாப்சன்'ங்கிற அகராதி. 1886ல வந்தது. ஆங்கிலோ இந்தியச் சொற்களுக்கான தடிமனான புத்தகம். தொகுத்தது ரெண்டு பேர். ஹென்றி யூல் ஒருத்தர். இன்னொருத்தர் ஆர்தர் பர்னெல், நம்ம தஞ்சாவூர்ல ஜட்ஜா இருந்தவர். புத்தகம் வர்றதுக்கு நாலு வருஷம் முன்னாடியே, 1882ல இறந்துட்டார். புத்தகத்தோட பேர்கூட ஒரு காது கோளாறுதான். முஹர்ரம் ஊர்வலத்துல 'யா ஹசன், யா ஹுசைன்'னு எழுப்பின குரலை வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க 'ஹாப்சன் ஜாப்சன்'னு கேட்டிருக்காங்க. நாம 'பிழையா'ப் பேசுறோம்னு சொல்றவங்க இதையும் கொஞ்சம் ஞாபகத்துல வெச்சுக்கலாம்.

அடுத்தது 'மெஸ்'. 'மை ரூம் இஸ் எ மெஸ்'னு சொன்னா குப்பை. 'ஹாஸ்டல் மெஸ்'னா சோறு. ரெண்டும் ஒண்ணுதான்னு எங்க காலேஜ்ல ஜோக் அடிப்போம். உண்மையிலேயே ரெண்டும் ஒரே வார்த்தைதான், ஆனா சோறுதான் மூத்தது. பழைய பிரெஞ்சுல 'மேசைமேல் வைக்கப்பட்டது', அதாவது பரிமாறினது. இங்கிலீஷுக்கு வந்ததும் 'ஒரு வேளை உணவு'. அப்புறம் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுற கூட்டம். அங்கேர்ந்து ராணுவ மெஸ். எல்லாத்தையும் கலந்துகட்டின உணவு, அப்புறம் பொதுவாவே கலைஞ்சு கிடக்கிறதுன்னு அர்த்தம் நகர்ந்தது 19ஆம் நூற்றாண்டுலதான். ஆக, திருவல்லிக்கேணியில போர்டு மாட்டியிருக்கிற மெஸ்காரர்தான் பழைய அர்த்தத்துக்கு வாரிசு.

திருவல்லிக்கேணின்னதும் 'மேன்ஷன்'. பத்துக்குப் பத்து ரூம்ல நாலு கட்டில் போட்டுட்டு அதுக்கு மேன்ஷன்னு பேரான்னு சிரிப்போம். இங்கிலீஷ்ல மேன்ஷன்னா மாளிகை. ஆனா அதோட மூலமான லத்தீன் 'மான்சியோ'ங்கிறது ரோமானிய நெடுஞ்சாலைகள்ல பயணிகள் ராத்தங்குற இடம். வந்தோம், தங்கினோம், கிளம்பினோம். வேலை தேடி வந்து தங்கின எத்தனை பேர் இந்த அர்த்தத்தை அங்க வாழ்ந்து பார்த்திருக்காங்க.

நடுவுல ஒண்ணு, இது நாம வாங்கிக்காத வார்த்தை. 'ஓவர்மாரோ'. 1535ல மைல்ஸ் கவர்டேல் வெளியிட்ட பைபிள்ல வருது. முழுசா இங்கிலீஷ்ல அச்சான முதல் பைபிள் அதுதான். அர்த்தம், நாளைக்கு மறுநாள். இங்கிலீஷ் அதைத் தொலைச்சிடுச்சு. இப்ப 'த டே ஆஃப்டர் டுமாரோ'ன்னு நாலு வார்த்தை சொல்லணும். ஜெர்மன்ல 'ஊபர்மார்கன்'னு ஒரே வார்த்தையில முடியுது. நமக்கு 'நாளான்னிக்கு'. அந்தப் பக்கம் 'முந்தாநேத்து'. தினசரி ஸ்டாண்டப்ல எனக்கு இது ரெண்டும் எவ்வளவு தேவைப்படுது தெரியுமா.

இப்போ தலைப்புக்கு வர்றேன். எங்க அப்பா திருச்சியில டிராவல்ஸ் வண்டி ஓட்டுறார். பத்தாவது வரை படிச்சவர். மூணு வருஷம் முன்னாடி என் ஆபீஸ் பிரண்ட்ஸ் மூணு பேர் ஊருக்கு வந்தாங்க. அப்பா வண்டியில கொல்லிமலைக்குக் கிளம்பினோம். எழுபது கொண்டை ஊசி வளைவு இருக்கிற மலை. ஏறுறதுக்கு முன்னாடி அடிவாரத்துலயே பஞ்சர். அப்பா கூலா இறங்கி, 'ஒண்ணும் கவலைப்படாதீங்க தம்பி, ஸ்டெப்னி டிக்கியில இருக்கு'ன்னார்.

அதுல ஒருத்தன் சிரிச்சான். கெட்டவன் இல்ல, சிரிச்சுட்டான், அவ்வளவுதான். எனக்கு முகம் சிவந்துடுச்சு. நான் உடனே, 'அப்பா, ஸ்டெப்னின்னு ஒரு வார்த்தையே கிடையாதுப்பா. ஸ்பேர் வீல். டிக்கின்னும் சொல்லாதீங்க, அசிங்கமா இருக்கு. பூட்'னு சொன்னேன். அப்பா 'சரிம்மா'ன்னுட்டு ஜாக்கி எடுக்கப் போயிட்டார். அன்னைக்குப் பூரா வண்டியில வாய் திறக்கல. ஆறு மாசம் கால்ல வாய் திறக்காம இருந்த நான்தான் அதைச் செஞ்சேன்னு அப்போ எனக்கு உறைக்கவே இல்ல. எனக்கு வந்த பிடிஎஃப்பை நான் அப்பாவுக்கு ஃபார்வேர்டு பண்ணியிருக்கேன்.

ஸ்டெப்னிங்கிறது என்ன தெரியுமா? வேல்ஸ் நாட்டுல லனெத்லின்னு ஒரு ஊர். பேரைச் சரியாச் சொல்லிட்டேன்னு நினைக்காதீங்க. நாக்கை 'ல' சொல்ற இடத்துல வெச்சுக்கிட்டுக் காத்தை ஊதணும். நம்ம ழகரம் மாதிரி அவங்களுக்கு அது பெருமை. 1900களோட தொடக்கத்துல கார்களுக்கு மாத்துச் சக்கரமே கிடையாது. ரோடு முழுக்கக் குதிரை லாட ஆணி. டயர் குத்தினா நடுரோட்டுல உட்கார்ந்து டியூபைக் கழட்டி ஒட்டணும். சக்கரத்தைக் கழட்டி மாட்டுற வசதியும் அன்னைக்கு வண்டிகள்ல இல்ல. அந்த ஊர்க்காரர் தாமஸ் மாரிஸ் டேவிஸ் 1904ல ஒரு வழி கண்டுபிடிச்சார். ஆரக்கால் இல்லாத ஒரு வட்ட ரிம், அதுல ஏற்கெனவே காத்தடிச்ச டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழட்டாம, அதுமேலயே இதைப் பக்கவாட்டுல கிளாம்ப் போட்டு இறுக்கிட்டு ஓட்டிக்கிட்டே போகலாம். எனக்கு இது அப்படியே ஹாட்ஃபிக்ஸ்தான். ப்ரொடக்‌ஷனை நிறுத்தாம மேல ஒரு பேட்ச்.

அவங்க பட்டறை இருந்த தெருவோட பேர் ஸ்டெப்னி ஸ்ட்ரீட். அதனால 'ஸ்டெப்னி ஸ்பேர் வீல்'. லண்டன் டாக்ஸிகள்ல மாட்டினாங்க. பிரிட்டிஷ் ஆட்சி இருந்த ஊர்களுக்கெல்லாம் போச்சு. அப்புறம் கழட்டி மாட்டுற சக்கரம் வந்ததும் அந்தப் பொருளே காணாமப்போச்சு. பிரிட்டன்ல பேரும் போச்சு. ஆனா இந்தியாவுல, பங்களாதேஷ்ல, மால்டாவுல பேர் நின்னுடுச்சு. பிரேசில்ல போர்ச்சுகீஸ் பேசுறவங்க மாத்துச் சக்கரத்தை 'எஸ்டெபி'ங்கிறாங்க, அதுவும் இதுதான். திருச்சி டிரைவரும் பிரேசில் டிரைவரும் பஞ்சரானா ஒரே வார்த்தையைத்தான் தேடுவாங்க. தமிழ்ல அதுக்கு ஒரு கேலி அர்த்தமும் இருக்கு, அதுக்கு அந்த ஊர் பொறுப்பில்ல.

டிக்கியும் அப்படித்தான். 1800களோட தொடக்கத்துல குதிரை வண்டியில ஓட்டுறவர் உட்கார்ற இடத்துக்கோ, பின்னாடி வேலைக்காரங்க உட்கார்ற இடத்துக்கோ 'டிக்கி'ன்னு பேர். கார் வந்தப்போ, ரெண்டு பேர் போற கார்ல பின்பக்கம் மூடியைத் திறந்தா விரியுற சீட்டுக்கு அந்தப் பேர் போச்சு. சீட் போய் சாமான் வந்தும் நாம பேரை மாத்தலை. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில இருக்கிறதுகூட நமக்கு டிக்கிதான். நான் ரொம்ப மேலா நினைச்சு அப்பாவைத் திருத்தின 'பூட்'டும் அதே குதிரை வண்டியோட சாமான் பெட்டிதான். அமெரிக்கர்களோட 'டிரங்க்'? கார் பின்னாடி ஒரு டிரங்குப் பெட்டியைக் கட்டித் தொங்கவிட்ட காலத்து ஞாபகம். நம்ம பாட்டி வீட்டுக் கட்டிலுக்கு அடியில இருக்கிற அதே டிரங்குப் பெட்டி. மூணுல எதுவும் எதைவிடவும் உசத்தி இல்ல.

ஒண்ணு சொல்லிடறேன். இதையெல்லாம் கேட்டுட்டு நாளைக்குக் கிளையன்ட்கிட்ட நீட்ஃபுல்னு எழுதி அனுப்பிட்டு என்னைக் குத்தம் சொல்லாதீங்க. எதிர்ல இருக்கிறவருக்குப் புரியலைன்னா வேற வார்த்தை சொல்லத்தான் வேணும். 'ரிவர்ட்'டை நான் உண்மையாவே விட்டுட்டேன். நம்ம தொழில்ல அது ஆபத்து. ஆனா 'அவருக்குப் புரியாது'ங்கிறதும் 'அது பிழை'ங்கிறதும் வேற வேற. முதலாவதைச் சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்திக்கிட்டுப் பேச்சைத் தொடர்ந்திருப்பேன். ரெண்டாவதைச் சொன்னதால வாயை மூடிக்கிட்டேன்.

கொல்லிமலைக்கு அப்புறம் அப்பா என் முன்னாடி ஸ்டெப்னின்னு சொல்றதில்ல. 'ஸ்...'னு ஆரம்பிச்சு ஒரு நொடி நின்னு, 'ஸ்பேர் வீல்'னு முடிப்பார். அந்த ஒரு நொடி எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கும்.

போன ஞாயித்துக்கிழமை போன்ல அவருக்கு இந்த வேல்ஸ் கதையை முழுசாச் சொன்னேன். பொறுமையாக் கேட்டார். அப்புறம், 'அப்போ அந்த ஊர்க்காரனுக்கே இப்ப ஸ்டெப்னின்னா தெரியாதா?'ன்னு கேட்டார்.

'தெரியாதுப்பா. அங்கேயும் ஸ்பேர் வீல்தான்.'

'அட பாவமே'ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, 'ஏம்மா, அன்னைக்கு வந்துச்சுங்களே மூணு பசங்க, அவங்ககிட்ட இதைச் சொல்லிட்டியா?'

இன்னும் இல்லப்பான்னு சொன்னேன். இந்த எபிசோட் வந்ததும் முதல்ல லிங்க் போறது அந்த மூணு பேருக்குத்தான்.